பல்லில் இருப்பது கறையா, சொத்தையா? விடை தேடி 30 வருஷம் அலைந்த டாக்டர் மெக்கே!

தருமபுரி மாவட்டத்தில் பல கிராமங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்கள். காரணம், முன்பல்லில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை.

சில வீடுகளில் இதைச் சொத்தை என்று நினைத்து உப்பு, கரி, செங்கல் தூள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுத் தேய்க்கிறார்கள். வேறு சில வீடுகளில் நேர் எதிர். பிள்ளையின் பல் உண்மையிலேயே சொத்தையாகிக்கொண்டிருக்கும். நம்ம ஊர் தண்ணிக்கு எல்லாருக்கும் அப்படித்தானே என்று விட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்க பிள்ளை வலியில் அழுத பிறகுதான் ஆஸ்பத்திரி.

கறை வேறு, சொத்தை வேறு. ரெண்டுக்கும் காரணம் வேறு, தடுக்கும் வழியும் வேறு. இன்று பல் மருத்துவம் படிக்கும் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் இதைக் கண்டுபிடிக்க 30 வருஷம் ஆனது. அந்த 30 வருஷமும் இந்த ஒரே கேள்வியை விடாமல் துரத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பல் டாக்டர் ஃபிரெட்ரிக் மெக்கே. அவர் பார்த்த ஊர்களும் நம்ம தருமபுரியும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். வாங்க, அந்தக் கதையைப் பார்க்கலாம்.

யார் இந்த மெக்கே?

ஃபிரெட்ரிக் மெக்கே பிறந்தது 1874-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள லாரன்ஸ் என்ற ஊரில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1900-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே, 1901-ல், தொழில் தொடங்குவதற்காக நாட்டின் மேற்குப் பக்கம் கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்த ஊர் கொலராடோ ஸ்பிரிங்ஸ். பைக்ஸ் பீக் என்ற பெரிய மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது.

புதுசாக கிளினிக் போட்ட இளம் டாக்டருக்கு முதல் நாட்களிலேயே அதிர்ச்சி. வாயைத் திறந்த உள்ளூர்க்காரர்களில் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை. சிலருக்கு சாக்லேட் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. காலேஜில் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு நோயைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஊர்க்காரர்களிடம் விசாரித்தார். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பன்றிக்கறி அதிகம் சாப்பிடுவதால் வருது என்றார்கள் சிலர். பால் சரியில்லை என்றார்கள் சிலர். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றார்கள் இன்னும் சிலர். எதற்கும் ஆதாரம் இல்லை. உள்ளூர் பல் டாக்டர்களுக்கோ இது பழகிப்போன விஷயம். கொலராடோ பழுப்புக் கறை என்று ஒரு பெயரை வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தினமும் கண்ணில் படுகிற ஒரு விஷயம் சில வருஷத்தில் யாருக்கும் கேள்வியாகவே தெரியாது. வெளியூரிலிருந்து வந்ததாலோ என்னவோ, மெக்கேவுக்கு மட்டும் அது கேள்வியாகவே இருந்தது.

சிகாகோவிலிருந்து வந்த பெரிய டாக்டர்

தனியாகக் கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மெக்கேவுக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவத்தில் மிகப் பெரிய பெயர் ஜி.வி. பிளாக். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் சொல்வது இவரைத்தான். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். மெக்கே அவருக்கு எழுதினார். 1909-ல், 70 வயதைத் தாண்டிய பிளாக் கொலராடோவுக்கே வந்தார்.

அதற்குள் மெக்கே ஒரு முக்கியமான வேலையை முடித்து வைத்திருந்தார். கொலராடோ ஸ்பிரிங்ஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருந்தார். முடிவைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குப் பல்லில் கறை!

அதன் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார்கள். 1915-ல் பிளாக் இறக்கும் வரை இந்தக் கூட்டணி தொடர்ந்தது. அந்த ஆறு வருஷத்தில் ரெண்டு பெரிய விஷயங்கள் வெளியே வந்தன.

கண்டுபிடிப்பு 1: கறை வெளியே இருந்து ஒட்டுவதில்லை

வெற்றிலைக் கறை, காபிக் கறை எல்லாம் பல்லின் மேல் படிவது. ஆனால் இந்தக் கறை அப்படி இல்லை. பல் ஈறுக்குள், தாடை எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் எனாமல் பழுதாகிவிடுகிறது. பெரியவர்கள் அந்த ஊருக்குக் குடிவந்தால் அவர்களுக்குக் கறை வரவில்லை. நிலையான பல் இன்னும் முளைக்காத சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

ஒரு மண்பானையை நினைச்சுப் பாருங்க. பச்சை மண்ணாக இருக்கும்போது அதில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், சூளையில் சுட்ட பிறகு அதைத் தேய்த்து அழிக்க முடியுமா? பல்லும் அப்படித்தான். முன்பக்க நிலையான பற்களின் எனாமல் உருவாவது பிறந்ததிலிருந்து முதல் சில வருஷங்களில். மற்ற பற்களையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 8 வயது வரை. அந்த வயதுக்குள் நடப்பதுதான் கணக்கு. செங்கல் தூளும் கரியும் போட்டுத் தேய்த்தால் கறை போகாது, இருக்கிற எனாமல்தான் தேயும்.

கண்டுபிடிப்பு 2: கறை இருக்கு, சொத்தை குறைவு!

இதுதான் ரெண்டு பேரையும் குழப்பிய விஷயம். பழுதான எனாமல் என்றால் அது சீக்கிரம் சொத்தையாக வேண்டும். ஆனால் கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கும் பல், சொத்தையை எதிர்த்து நிற்கிறது. ஏன்? பிளாக் இறந்தபோது இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. மெக்கே மறுபடி தனி ஆள் ஆனார்.

ஓக்லி அம்மாக்கள் கொடுத்த துப்பு

அடுத்த பல வருஷங்கள் மெக்கே ஊர் ஊராகப் போனார். கறை இருக்கும் ஊர் எது, இல்லாத ஊர் எது, அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். சந்தேகம் முழுக்க தண்ணீர் மேல். ஆனால் அந்தக் காலத்து ஆய்வகங்களில் தண்ணீரைச் சோதித்தால், எல்லாம் சரியாக இருக்கு என்றே ரிப்போர்ட் வந்தது.

1923-ல் ஐடஹோ மாகாணத்தில் உள்ள ஓக்லி என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே பெற்றோர்கள், குறிப்பாக அம்மாக்கள், ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். முன்பு பிள்ளைகளின் பல் நன்றாகத்தான் இருந்தது. 5 மைல் தள்ளி இருக்கும் வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் கறை வர ஆரம்பித்தது.

மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஆனாலும் அம்மாக்களின் பேச்சை அவர் ஒதுக்கவில்லை. அந்தக் குழாயைக் கைவிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார். அவர்களும் மாற்றினார்கள்.

சில வருஷங்கள் கழித்துப் பார்த்தால், புதுசாக முளைத்த நிலையான பற்கள் பளிச்சென்று இருந்தன. கறை இல்லை! என்ன பொருள் என்று தெரியாமலேயே, தண்ணீரை மாற்றினால் கறையைத் தடுக்கலாம் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. வேற மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. தண்ணீரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அலுமினிய கம்பெனி ஊரும் ஒரு கடிதமும்

1920-களின் கடைசியில் ஆர்கன்சா மாகாணத்தில் பாக்சைட் என்ற ஊரிலிருந்தும் இதே புகார் வந்தது. பெயரே சொல்லும், அலுமினியத்துக்கான தாது எடுக்கும் ஊர். அல்கோவா என்ற பெரிய அலுமினிய கம்பெனியின் ஊர் அது. அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டாக்டர் குரோவர் கெம்ப்ஃபும் மெக்கேவும் அங்கே போய்ப் பார்த்தார்கள். பாக்சைட் பிள்ளைகளுக்குக் கறை. 5 மைல் தள்ளி இருக்கும் பிள்ளைகளுக்கு இல்லை. வழக்கம்போல தண்ணீர் சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை.

ஆனால் அந்த ரிப்போர்ட் அல்கோவா கம்பெனியின் தலைமை வேதியியல் நிபுணர் ஹெச்.வி. சர்ச்சில் கைக்குப் போனது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்ற பேச்சு அப்போது பரவிக்கொண்டிருந்தது. இந்தக் கறைக்கும் அலுமினியத்தையே காரணம் சொல்லிவிடுவார்களோ என்று சர்ச்சிலுக்குக் கவலை. சாதாரண சோதனையை விட்டுவிட்டு, நிறமாலைக் கருவி வைத்து பாக்சைட் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்.

கிடைத்த விடையை சர்ச்சிலாலேயே நம்ப முடியவில்லை. தண்ணீரில் ஃபுளோரைடு. அதுவும் ரொம்ப அதிகம். வேறு மாதிரி எடுத்து வரச் சொல்லி மறுபடியும் சோதித்தார்கள். அதே விடை.

1931 ஜனவரியில் சர்ச்சில் மெக்கேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். விஷயத்தைச் சொல்லி, கறை இருக்கும் மற்ற ஊர்களின் தண்ணீரையும் அனுப்பி வைக்கக் கேட்டார். மெக்கே பல ஊர்களிலிருந்து தண்ணீர் திரட்டி அனுப்பினார். சில மாதங்களிலேயே உறுதியானது. கறை இருக்கும் ஊர்த் தண்ணீரில் எல்லாம் ஃபுளோரைடு அதிகம். 1901-ல் 27 வயதில் மெக்கே கேட்ட கேள்விக்கு 57 வயதில் விடை கிடைத்தது.

மெக்கே மட்டும்தானா கண்டுபிடித்தார் என்று கேட்டால், இல்லை. அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் அரிசோனாவில் மார்கரெட் ஸ்மித் குழுவினரும், வட ஆப்பிரிக்காவில் வேலு என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் கறை எந்த வயதில் வருகிறது, தண்ணீரை மாற்றினால் என்ன ஆகும், சொத்தை ஏன் குறைகிறது என்ற கேள்விகளை ஒரே நூலில் கோத்தது மெக்கேதான்.

கெட்ட பேர் வாங்கிய ஃபுளோரைடு நல்ல பேர் வாங்கிய கதை

கறைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் மெக்கேவும் பிளாக்கும் பார்த்த அந்த ரெண்டாவது விஷயம்? சொத்தை குறைவாக இருந்ததே, அது?

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் பல் மருத்துவர் ஹெச். டிரெண்ட்லி டீன். கறையை அளக்க 1934-ல் இவர் உருவாக்கிய அளவுகோல் இன்றைக்கும் இந்தியா உட்பட பல நாடுகளில் பயன்படுகிறது. பிறகு 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையிலான 7,257 பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு அளவோடு ஒப்பிட்டார்கள். முடிவு: ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1 மில்லிகிராம் இருந்தால் பார்வைக்கு உறுத்தும் கறை பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் சொத்தை நன்றாகக் குறைகிறது.

அதனால்தான் 1945 ஜனவரியில் மிச்சிகன் மாகாணத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம், உலகிலேயே முதல் முறையாகக் குடிநீரில் அளவோடு ஃபுளோரைடு சேர்க்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. எந்தப் பொருளை ஊர்க் குழாயிலிருந்து விரட்ட மெக்கே அலைந்தாரோ, அதே பொருளை இன்னொரு ஊர் குழாயில் சேர்த்தது. ரெண்டும் சரிதான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மூரில் சொல்வார்களே, அதேதான். இன்று பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருப்பதற்கும் இந்தக் கதைதான் ஆரம்பம்.

தருமபுரிக்கு என்ன சம்பந்தம்?

மெக்கேவுக்கு விடை கிடைத்து ஆறே வருஷத்தில் நம்ம பக்கத்திலும் அது தெரிந்தது. 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருப்பதையும், அது பல்லோடு நிற்காமல் எலும்பையும் முதுகையும் பாதிப்பதையும் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோய் பற்றிய ஆரம்பகால ஆய்வு அது.

கொலராடோவில் பைக்ஸ் பீக் மலைப் பாறை. தருமபுரியிலும் அடியில் பாறைதான். ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உள்ள கடினப் பாறை. மழை குறைவு, கிணறு வறண்டது, போர் போட்டோம், அதுவும் வறண்டது, இன்னும் ஆழமாகப் போட்டோம். பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்து ஏறிவிடுகிறது. பார்த்தால் தெளிவாக இருக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியிலும் தெரியாது. நல்ல தண்ணி என்று நம்பித்தான் குடிப்போம்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்திய தரநிலை. வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. உலக சுகாதார அமைப்பு சொல்லும் உச்ச அளவும் 1.5 தான்.

இந்தப் பிரச்சனைக்காகவே வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற வார்த்தை இருக்கிறது. ஜப்பான் நிதி உதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கப்பட்டது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கிறது. ஓக்லி ஊர் செய்ததைத்தான் ரெண்டு மாவட்டத்துக்குச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் வரும் இடத்தை மாற்றுவது.

ஆனால் குழாய் வந்தால் மட்டும் போதாது. கூட்டுக் குடிநீர் வராத நாளில் போர் தண்ணியை எடுத்துச் சமைத்தால் ஃபுளோரைடு சோற்றிலும் குழம்பிலும் வந்துவிடும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீங்க. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும்.

கறையா, சொத்தையா: எப்படிக் கண்டுபிடிப்பது?

மெக்கே 30 வருஷத்தில் பார்த்ததை நாம் வீட்டிலேயே 2 நிமிஷத்தில் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் படுக்க வைத்து, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க.

ஃபுளோரைடு கறை பெரும்பாலும் நிலையான பல்லில், பல் முளைக்கும்போதே இருக்கும். இடது பக்கம் எந்தப் பல்லில் இருக்கிறதோ, வலது பக்கமும் அதே பல்லில் இருக்கும். வெள்ளைக் கோடு, மேகம் போல வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள் அல்லது பழுப்பு நிறம். வலி இருக்காது.

சொத்தை அப்படி இல்லை. நன்றாக முளைத்த பல்லில் பின்னால் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் மேல் முன்பல்லில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு தெரியும். இதுதான் முதல் எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஓட்டை விழாமலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. விட்டால் மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று மாறி ஓட்டை விழும். கடைவாய்ப் பல்லில் மேலே உள்ள பள்ளத்திலும், ரெண்டு பல் ஒட்டும் இடத்திலும் வரும். சாப்பாடு சிக்கும், ஜில்லென்று குடித்தால் கூசும்.

இன்னொரு விஷயம். கறை இருந்தால் சொத்தை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மெக்கே பார்த்தது ஒரு ஊரின் மொத்தக் கணக்கு. தனிப்பட்ட பிள்ளைக்கு அது உத்தரவாதம் இல்லை. கறை முற்றி, எனாமலில் குழி விழுந்த பல்லில் சொத்தை எளிதாகப் பிடிக்கும். ரெண்டும் சேர்ந்தே வரலாம்.

பால் பல்தானே, விழுந்துடுமே?

நிறைய வீடுகளில் சொல்லும் காரணம் இது. பால் பல் மொத்தம் 20. கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அதை வைத்துத்தான் பிள்ளை மெல்லும், பேசும். பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். முன்னாடியே பிடுங்க வேண்டி வந்தால் புதுப் பல் கோணலாக வரலாம். சொத்தை வேர் வரை போய்ச் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லும் பாதிக்கப்படலாம்.

சொத்தை வருவது எப்படி? வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றும். அமிலம் எனாமலைக் கரைக்கும். எச்சில் அதைக் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிடும். ஆனால் பிள்ளை அரை மணிக்கு ஒரு தடவை பிஸ்கட், மிட்டாய், டீயில் நனைத்த பன் என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் எச்சிலுக்கு நேரமே கிடைக்காது. எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். தூங்கும்போது எச்சில் குறையும். அதனால்தான் சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பிள்ளைக்கு முன்பல் வரிசையாகப் போகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே மென்மையான பிரஷ். காலை ஒரு தடவை, ராத்திரி தூங்கும் முன் ஒரு தடவை. 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

* 3 வயதுக்குள் பேஸ்ட் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயதுக்கு ஒரு பட்டாணி அளவு என்பது பொதுவான கணக்கு. விழுங்காமல் துப்பப் பழக்குங்க. வீட்டில் ஃபுளோரைடு அதிகம் உள்ள போர் தண்ணி குடிப்பவர்கள், எந்த பேஸ்ட் என்று பல் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

* பாட்டிலோடு தூங்க வைக்காதீங்க. ரப்பர் நிப்பிளில் தேன், சர்க்கரை தடவிக் கொடுக்காதீங்க.

* சின்னப் பிள்ளைக்கு டீ வேண்டாம். தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு. போர் தண்ணியில் போட்டு, சர்க்கரையும் கலந்தால் கறைக்கும் வழி, சொத்தைக்கும் வழி.

* கைக்குழந்தைக்குத் தாய்ப்பால்தான் பாதுகாப்பு. அதில் ஃபுளோரைடு மிகக் குறைவு. பவுடர் பால் கலக்க வேண்டி வந்தால் போர் தண்ணி வேண்டாம்.

* கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வையுங்க. போர் தண்ணி குளிக்க, துவைக்க. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம்.

* முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டுங்க. அங்கன்வாடி, அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பல் சொத்தையையும் பார்க்கும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை அலமாரியில் வைத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மெக்கே விட்டுப்போனது

மெக்கே தன் கேள்விக்கு விடை கிடைத்ததைப் பார்த்தார். அந்த விடையிலிருந்தே சொத்தையைக் குறைக்கும் வழி பிறந்ததையும் பார்த்தார். 1959-ல், 85 வயதில் இறந்தார். அவர் கண்டுபிடித்தது புது மருந்தோ, பெரிய மெஷினோ இல்லை. மற்றவர்கள் எல்லாம் பழகிப்போன ஒரு கறையை அவர் பழகிக்கொள்ளவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருது என்று கேட்டார். ஆய்வக ரிப்போர்ட் ஒன்று சொல்ல, அம்மாக்கள் வேறு சொன்னபோது, அம்மாக்கள் பேச்சையும் கேட்டார்.

ஓக்லி பிள்ளைகளின் பல்லை மாற்றியது அந்த ஒரு கேள்விதான். தருமபுரியில் இன்று 2 வயது, 3 வயதில் இருக்கும் பிள்ளைகளின் நிலையான பல் இப்போதுதான் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அது எந்த நிறத்தில் வெளியே வரப்போகிறது என்பது வீட்டுக் குடத்தில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது. அது சொத்தையாகாமல் நிற்குமா என்பது இன்று ராத்திரி தூங்கும் முன் பிடிக்கும் பிரஷ்ஷைப் பொறுத்தது.

ரெண்டுமே இன்னும் நம்ம கையில்தான் இருக்கு. இன்னைக்கு பிள்ளையின் உதட்டைத் தூக்கி ஒரு தடவை பாருங்க.